மான் நிற்கும் இடம்

அனிமேஷன் ஸ்டுடியோவில் பேக்ரவுண்ட் வரைவது என் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஃப்ரேமின் நாலு மூலையையும் நிரப்பிவிடுவார்கள். திறமைசாலிகள்தான் இதை அதிகம் செய்வார்கள். அவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது 1942-ல் வந்த டிஸ்னியின் 'பாம்பி' என்ற மான்குட்டிப் படத்தின் காட்டை.

அந்தக் காட்டின் தோற்றத்துக்கு வழிகாட்டியவர் டைரஸ் வோங். 1910-ல் சீனாவின் குவாங்டங்கில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா போனவர். 1938-ல் டிஸ்னியில் அவருக்குக் கிடைத்தது இன்பிட்வீனர் வேலை. ஓர் அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் நடுவே வரும் படங்களை நாள் முழுக்க வரைய வேண்டும், கண் பூத்துப்போகும். அதே சமயம் பாம்பி குழு காட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. இலை இலையாக வரைந்ததில் மான்குட்டி எங்கே நிற்கிறதென்றே தெரியவில்லை. வோங் தானாகவே சில காட்டுக் காட்சிகளைத் தீட்டிக் கொண்டுபோய்க் காட்டினார். சோங் அரச வம்சக் காலத்துச் சீன ஓவியங்களில் ஊறிய கை. பனிமூட்டம், இரண்டு மரம், கொஞ்சம் புல். மான் நிற்கும் இடத்தில் மட்டும் துலக்கம்; ஓரத்துக்குப் போகப் போக எல்லாம் கரைந்துவிடும். மற்ற ஓவியர்கள் அந்தப் பாணிக்குக் கையைப் பழக்கிக்கொண்டார்கள்.

நமக்கு இப்போது கம்ப்யூட்டரில் லேயர்கள் இருக்கின்றன. அன்று அசையும் உருவங்களை 'செல்' எனும் ஒளிபுகும் தாள்களில் தீட்டி, அவற்றை பேக்ரவுண்டின் மேல் அடுக்கி, ஃப்ரேம் ஃப்ரேமாகப் படம்பிடித்தார்கள். செல் கண்ணாடி போலத் தெரிந்தாலும், அடுக்க அடுக்கக் கீழுள்ள நிறத்தை மங்கவைக்கும். பழைய கார்ட்டூனில் பாறைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் தட்டையான நிறத்தில் இருந்தால், உருளப்போவது அதுதான் என்று சின்ன வயதில் நாமே கண்டுபிடித்திருப்போம். அது மட்டும் செல்லில் தீட்டியது. அசைவது எது, அசையாதது எது என்று தெரியாமல் அன்றும் தூரிகையைத் தொட முடியாது, இன்றும் முடியாது. ஷாட் கைக்கு வந்ததும் நான் முதலில் கேட்பதும் அதைத்தான்.

டிஸ்னி ஊழியர்களின் 1941 வேலைநிறுத்தத்தில் வோங் சேரவில்லை. ஆனாலும் அதன் பிறகு, படம் வெளிவருமுன்பே, அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். டைட்டிலில் பேக்ரவுண்ட் ஓவியர்கள் பட்டியலில் ஒரு பெயராக மட்டும் வந்தார். பிறகு வார்னர் பிரதர்ஸில் 1968 வரை திரைப்படங்களுக்கு வரைந்தார். டிஸ்னி லெஜண்ட் கௌரவம் 2001-ல் வந்தபோது அவர் தொண்ணூறைத் தொட்டுவிட்டிருந்தார். 106 வயதுவரை வாழ்ந்தவர் என்பதால் அதைக் கையில் வாங்க முடிந்தது. அன்றைய குறுங்கார்ட்டூன்களில் பேக்ரவுண்ட் தீட்டிய பலருக்கு டைட்டிலில் பெயரே இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. எங்கள் படங்களின் டைட்டில் பட்டியல் போகுமுன், பேக்ரவுண்ட் பிரிவில் ஒரு பெயரும் விடுபடவில்லையா என்று நானே உட்கார்ந்து சரிபார்த்து அனுப்புகிறேன்.