நான் படத்தைப் பற்றித்தான் சொன்னேன்

பிள்ளைகளைப் பற்றி நகரசபைக்கு அறிவிக்கிற படிவத்தில் 'இது உங்களுக்கு எப்படித் தெரியவந்தது?' என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் நான் எழுதியது அத்தனையும் உண்மை. பெடியன் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வாசிகசாலைக்கு வருகிறான். நாங்கள் வேலை முடித்து வீட்டுக்குப் போன பிறகும், இரவு கதவு தானாகப் பூட்டுகிற நேரம்வரை இருக்கிறான். ஜனவரிக் குளிரிலும் மெல்லிய சுவெட்டர்தான். கணினி மூலையில் யாராவது விட்டுப்போன பிஸ்கட்டை எடுத்துச் சாப்பிடுகிறான். எல்லாம் நானே கண்டது. படத்தைப் பற்றியோ கேக் வெட்டிய அந்த அம்மாவைப் பற்றியோ ஒரு வரி எழுதவில்லை.

டென்மார்க்கில் சின்ன ஊர் வாசிகசாலைகள் பல, ஊழியர் இல்லாத நேரத்திலும் திறந்திருக்கும். மஞ்சள் சுகாதார அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும். அட்டையால் திறக்க முடியாத சின்னப் பிள்ளை நாங்கள் இருக்கும்போதே உள்ளே வந்துவிட்டால், பிறகு யாரும் கேட்பதில்லை. அவனை நான் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் பைத்தியம் பிடித்த பெடியன் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி நினைப்பதில் என்ன குறை? எங்கள் வீட்டிலும் ஒன்று அப்படித்தான் வளர்ந்தது.

மாதத்துக்கு ஒரு படம் போடுவோம். அந்த மாதம் 'ஃப்ரூக்டலி லூக்கலி'. பயங்கர சந்தோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2008இல் வந்தது, இயக்கியவர் ஹென்ரிக் ரூபன் கென்ஸ். இங்கே தென் யூலண்டில் கிராம் என்ற ஊரில் பிறந்த ஏர்லிங் யெப்சனின் 2004 நாவல்தான் மூலம். கார்லோவி வாரி திரைப்பட விழாவில் பெரிய பரிசை வாங்கியது. இதையெல்லாம் அறிமுக உரையில் சொன்னேன். யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை. தங்கள் பக்கத்துப் பேச்சைத் திரையில் கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

கதை தெரியாதவர்களுக்கு மட்டும்: கொப்பன்ஹேகனில் ஏதோ பிரச்சினைப்பட்ட பொலிஸ்காரன் ஒருவனை ஸ்கரில் என்ற ஊருக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பெயரில் ஹேர்னிங் பக்கம் உண்மையாகவே ஓர் ஊர் இருக்கிறது. கோயிலுக்கென்று ஹேர்னிங், பிராண்ட என்று ஓடித்திரிகிற நம்மவர்கள் அந்தப் பலகையைக் கண்டிருப்பார்கள். படத்து ஊர் வேறு, அது தெற்கே எல்லைப் பக்கம், சுற்றிவரச் சேற்று நிலம். புதைசேற்றில் தாழ்ந்து திரும்பி வந்த ஒரு பசுவின் கதையோடு படம் தொடங்கும். ஊருக்கு ஒத்துவராத எதுவும் கடைசியில் அந்தச் சேற்றுக்குள்தான் போகும் என்பது பத்து நிமிஷத்தில் விளங்கிவிடும். ஊரில் முரடன் ஒருவன், கிம் பொட்னியா நடித்தது. அவன் மனைவிக்கு அடிக்கிற நேரமெல்லாம், அவர்களுடைய சின்ன மகள் வெளியே வந்து பிள்ளை வண்டிலைத் தள்ளிக்கொண்டு தெருவில் நடப்பாள். வண்டில் கிரீச்சிடும். அந்தச் சத்தம் கேட்டால் இன்றைக்கு அடி விழுகிறது என்று ஊர் முழுக்கத் தெரியும். எல்லோரும் கேட்பார்கள். திரைச்சீலையை இழுத்துவிட்டு இருப்பார்கள்.

இதைச் சோகப் படம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடையில் களவெடுத்த ஒரு பெடியனைப் பற்றிச் சட்டப்படி எழுதிக்கொள்ளப் பொலிஸ்காரன் போவான். எழுத்தும் கிழுத்தும் எதற்கு, கன்னத்தில் ஒன்று கொடுத்து வீட்டுக்கு அனுப்பு என்பதுதான் ஊர் வழக்கம். அந்த இடத்தில் மண்டபமே அதிர்ந்தது. பிள்ளைகளுக்கு அடிக்கக்கூடாது என்று பெற்றோருக்கே இங்கே 1997இல் சட்டம் வந்துவிட்டது. அதைத் தெரிந்துகொண்டுதான் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பூவரசந் தடியில் வளர்ந்தவளுக்குச் சிரிப்பு வராமல் போகுமா?

படம் முடிந்தால் கோப்பி, கேக். தென் யூலண்டில் இது சும்மா விருந்தோம்பல் இல்லை. 1864 முதல் 1920 வரை இந்தப் பக்கம் ஜெர்மன் ஆட்சியில் இருந்தது. டெனிஷ்காரர் கூடும் மண்டபங்களுக்கு மதுபான அனுமதி கொடுக்க அதிகாரிகள் மறுத்தார்கள். சரி, குடிக்கத்தானே கூடாது என்று ஆளுக்கொரு கேக்கோடு வந்து விடிய விடியக் கோப்பி குடித்தார்களாம். மேலதிகாரியோடு முட்டிக்கொள்ளாமல், அவனுக்கு ஒன்றும் சொல்லாமல், தங்கள் அலுவலைத் தாங்களே பார்த்துக்கொள்கிற பழக்கம் அப்போதே ஊறியதோ என்று நினைப்பேன். சரித்திரம் படித்தவர்கள் சிரிக்கலாம். அன்றைக்கு மேசையில் றை பாண் தூளிலும் கிரீமிலும் செய்த கேக் இருந்தது. வெட்டியவர் அந்த அம்மா. வயோதிபர் வீடுகளுக்குப் பராமரிப்புக்குப் போய்ப்போய் ஓய்வுபெற்றவர். ஊரில் அரைவாசி வீட்டு அலுமாரிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த மனுஷி.

யாரோ ஒருவர், "அந்த வண்டிலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லையே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா கத்தியைக் கேக்கில் வைத்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எங்கள் ஊர் வண்டில் கிரீச்சிடாது. உன்னுடைய கணினி மூலையில் இருந்து விளையாடிக்கொண்டிருக்கும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் கோப்பையைப் பார்த்தார்.

"என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"ஒன்றுமில்லை. இன்னொரு துண்டு எடு."

இவ்வளவுதான். எடுத்தேன், சாப்பிட்டேன், நன்றாக இருந்தது என்று சொன்னேன். அப்புறம் பேச்சு, படத்தில் வருகிற குடிப்போட்டிக்குப் போய்விட்டது. பொலிஸ்காரனும் முரடனும் மேசைக்கு மேசை கௌபோய்ப் படம் மாதிரிக் குடித்துத் தீர்க்கிற காட்சி. அதைப் பற்றி ஆண்களுக்கெல்லாம் கருத்து இருந்தது.

இரவு வீட்டில் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பகிடி என்றால் ஏன் என்னைப் பார்க்கவில்லை? பகிடி இல்லையென்றால் ஏன் எல்லோர் முன்னாலும்? அல்லது எல்லோர் முன்னாலும் சொன்னால்தான் பகிடியாகத் தப்பிக்கலாம் என்றா? 'உன்னுடைய கணினி மூலை' என்றாரே, அந்த 'உன்னுடைய'தான் என்னைக் குடைந்தது. வாசிகசாலை ஊருக்குச் சொந்தம், மூலை எனக்காம். அதாவது, பார்க்க வேண்டியவள் நீ.

மறுநாள் கூட வேலை செய்பவரிடம் சொன்னேன். நல்ல மனுஷன். "ஒரு கிழவி ஒரு கொலைப் படம் பார்த்துவிட்டுச் சொன்ன பகிடியை வைத்தா கொமூனுக்கு எழுதப் போகிறாய்?" என்றார். கேள்வி நியாயமானது. ஆனால் சட்டமும் தெளிவாக இருக்கிறது. கொமூன் என்கிற நகரசபையில் வேலை செய்கிற எங்களுக்கு, பிள்ளைகள் விஷயத்தில் மற்றவர்களைவிடக் கூடுதலான அறிவிக்கும் கடமை உண்டு. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு விசேட உதவி தேவைப்படலாம் என்று எண்ணக் காரணம் இருந்தால் போதும், நிரூபிப்பது எங்கள் வேலை இல்லை. பொதுமக்கள் பெயர் சொல்லாமல் அறிவிக்கலாம், ஊழியர் முடியாது. கிடைத்ததும் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் மதிப்பிட வேண்டும். 6 வேலை நாட்களுக்குள் கிடைத்தது என்று பதில் போட வேண்டும். இவ்வளவும் எனக்கு மனப்பாடம். படத்தில் வருகிற பொலிஸ்காரனுக்கும் சட்டம் மனப்பாடம்தான், அவனுக்கு அது என்ன உதவி செய்தது என்று படம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எழுதினேன்.

இதில் என்னுடைய சொந்தக் கணக்கு ஒன்றும் கலந்திருக்கிறது. 1987இல் இந்த நாட்டு நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சத்தமில்லாமல் நிறுத்தி வைத்தார். சட்டம் மாறவில்லை, அறிவிப்பு இல்லை, கோப்புகள் மட்டும் நகரவில்லை. அப்பா இங்கே, அம்மாவும் நாங்களும் அங்கே குண்டுச் சத்தத்துக்குள். 1993 ஜனவரியில் அந்த விவகாரத்தில்தான் பிரதமர் ஸ்குளூட்டரின் அரசு பதவி விலகியது. 1995இல் அமைச்சருக்கு விசேட நீதிமன்றம் 4 மாத ஒத்திவைத்த தண்டனை கொடுத்தது. ஆகவே கோப்புகளை மூடி வைப்பவர்கள் மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. தெரிந்தும் எழுதாமல் இருப்பது என்றால் எனக்கு மேலெல்லாம் கூசும்.

இதற்கு நேர்மாறாக வளர்ந்தவளும் நான்தான். எங்கள் வீடுகளில் பேயைக் காட்டிப் பயமுறுத்தியதைவிடக் கொமூனைக் காட்டிப் பயமுறுத்தியது அதிகம். "பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்காதே, கொமூன்காரர் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள்." யாருக்காவது வீட்டில் பிரச்சினை என்றால் ஒரு மாமாவும் இரண்டு மாமிமாரும் போய்க் கதைத்துத் தீர்ப்பார்கள். சிலவேளை தீரும். தீராதது எங்கே போனது என்று நாங்கள் கேட்டதில்லை. எங்களுக்கும் ஒரு சேற்று நிலம் இருந்தது. அதனால்தான் அந்தப் படத்து ஊர்க்காரர் எனக்கு அவ்வளவு அந்நியமாகப் படவில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவும் வரவில்லை. 2007இல் பொலிஸ் மாவட்டங்கள் 54ஐ 12 ஆகச் சுருக்கிவிட்டார்கள். அதே ஆண்டு கொமூன்களும் 271இலிருந்து 98 ஆயின. கதவைத் தட்டினால் திறக்கிற அதிகாரி தூரமாகிவிட்டார். அப்படியான ஊரில் மாமாவும் மாமியும் மட்டும்தானே மிச்சம்?

சரி, பெட்டிக்கு வருகிறேன். 'எப்படித் தெரியவந்தது?' அந்த அம்மா சொன்னதை எழுதினால் அவர் பெயர் கேட்பார்கள். என் அறிக்கையைப் பெற்றோர் பார்க்கக்கூடும். சின்ன ஊரில் அது என்ன செய்யும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அவர் எனக்குச் சொன்னது கேக்கோடு சேர்த்துக் கொடுத்தது. படிவத்துக்குக் கொடுக்கவில்லை. என் கண்ணால் கண்டதே போதுமானதாக இருந்தது. இவை எல்லாம் நல்ல காரணங்கள். இப்போது எழுதும்போதும் நல்ல காரணங்களாகத்தான் தெரிகின்றன. ஆனால் பராமரிப்புக்குப் போன மனுஷி அவர். அந்த வீட்டுக்குள்ளோ பக்கத்து வீட்டுக்குள்ளோ எதைக் கண்டார் என்று கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒருவர் இருப்பதே படிவத்தில் இல்லை. ஊரின் வாயைத் திறக்கிறேன் என்று போனவள், ஊர் எப்படி மூடி வைக்குமோ அப்படியே ஒரு மூலையை மூடி வைத்திருக்கிறேன். அல்லது ஒரு வயதானவரைக் காப்பாற்றியிருக்கிறேன். இரண்டில் எது என்று நாளுக்கு நாள் பதில் மாறுகிறது.

சில்கபோர்க் பக்கம் 1950 மே மாதத்தில், எரிப்பதற்கு முற்றாநிலக்கரி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சேற்றுக்குள் ஒரு பிணத்தைக் கண்டார்கள். முகத்தில் தாடி மயிர்கூட அப்படியே, கழுத்தில் தோல் கயிற்றுச் சுருக்கு. புதுக்கொலை என்று நினைத்துப் பொலிசுக்கு அறிவித்தார்கள். ஏறக்குறைய 2400 வருஷம் பழையது அது. டொலுண்ட் மனிதன் என்று இப்போது அருங்காட்சியகத்தில் கிடக்கிறார். பள்ளிப்பிள்ளைகளை ஒருமுறை அங்கே கூட்டிப்போனபோது எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள், நான் அறிவித்தவர்களை நினைத்துக்கொண்டிருந்தேன். யாரென்று தெரியாது, எப்போதென்று தெரியாது, இருந்தும் சொன்னார்கள். அவர்களுக்குப் பிரச்சினை இல்லைதான். செத்தவனின் சொந்தக்காரர் எவரும் மறுநாள் கடையில் எதிர்ப்படப் போவதில்லை.

அறிக்கை கிடைத்தது என்ற கடிதம் மட்டும் எனக்கு வந்தது. அதற்கு மேல் இரகசியம் காக்கிற விதி, அதுவும் நியாயமான விதிதான். பெடியன் வருவதை நிறுத்திவிட்டான். உதவி கிடைத்து, பின்னேரங்களில் போக வேறு நல்ல இடம் அமைந்திருக்கலாம். 'அந்த வாசிகசாலைப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே' என்று வீட்டில் சொல்லியிருக்கலாம். இருந்த ஒரே சூடான அறையை நானே பறித்திருக்கவும் கூடும். யாரையும் கேட்க முடியாது. கேட்டால் நான் விதியை மீறியவளாவேன்.

சில வாரங்கள் கழித்து அந்த அம்மா புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தார். வேறு யாரும் இல்லை. புத்தகங்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார், எல்லாம் துப்பறியும் கதை. பிறகு வானிலை சொல்கிற குரலில் சொன்னார்: "அன்றைக்கு நான் படத்தைப் பற்றித்தான் சொன்னேன்."

"தெரியும்" என்றேன்.

"அதுதான். நீ வேறு மாதிரி எடுத்திருக்கக்கூடாதே என்று."

"இல்லை."

நான் எழுதியது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. கேட்டால் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். எங்கள் இருவருக்கும் நடுவில் இரண்டு பொய், இரண்டும் மிக மரியாதையான பொய். என்னைக் கண்டித்தாரா, நன்றி சொன்னாரா, தன் பெயரை எழுதாமல் விட்டதற்கு ரசீது கொடுத்தாரா என்று இன்றுவரை பிடிபடவில்லை. கூட வேலை செய்பவர், "மூன்றும்தான்" என்கிறார். அவருக்கு எல்லாமே சுலபம்.

அடுத்த பருவத்துக்கான படத் தெரிவுக் கூட்டம் வருகிறது. அந்த அம்மா முன்கூட்டியே பட்டியல் கொடுத்துவிட்டார். எல்லாம் கொலை. கீழே ஒரு குறிப்பு: போன முறை வரக் கிடைக்காதவர்கள் பலர் இருக்கிறார்கள், 'பயங்கர சந்தோஷம்' படத்தை இன்னொரு தரம் போட்டால் என்ன? காட்டுகிற உரிமைக்கு மறுபடி காசு கட்ட வேண்டுமே, அதற்கு இந்த வருஷம் இடமில்லையே என்று பதில் எழுதியிருக்கிறேன். கேக் விற்றுக் காசு சேர்க்கலாம் என்கிறார்.