ஒன்பதரை வருஷம்

பனியன் கம்பெனியில் என்னைப்போல பிஎஃப் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும். பத்து வருஷம் சர்வீஸ் இருந்தால் 58 வயதில் பென்ஷன், குறைந்தால் 10சி படிவம் போட்டுப் பணமாக எடுத்துக்கொள்ளலாம். ஆறு மாசம் ஆகிவிட்டால் அதை முழு வருஷமாகச் சேர்த்துவிடுவார்கள், அதனால் ஒன்பதரை வருஷம் ஆனதுமே பணமாக எடுக்க முடியாது, 58 வயதில் பென்ஷன் வாங்குவதற்கான சர்டிபிகேட் மட்டும்தான். ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் அக்காக்களுக்கு இது மனப்பாடம். ஒன்பது வருஷத்தை ஒட்டி நல்ல டெய்லர்கள் வேலையை விடுவதற்கு பல சமயம் இதுதான் காரணம், கம்பெனி மேல் கோபமெல்லாம் இருக்காது.

2019இல் ஒரு அக்கா ராஜினாமா எழுதிக்கொண்டு வந்தார். 41 வயது, கணவர் இல்லை, பெண் காலேஜ் சேர்ந்திருந்தாள். ஒன்பதரை ஆக மூணு வாரம்தான் பாக்கி. "ஷிப்மென்ட் போகட்டும், அடுத்த மாசம் விடலாம்" என்றார் மேனேஜர். நான் பேசாமல் இருந்திருந்தால் அந்த மூணு வாரம் தானாக ஓடியிருக்கும், அவருக்கும் பென்ஷன் உறுதியாகியிருக்கும். நான் மேனேஜரிடம் போய்ப் பேசி அந்த வாரமே அவரை ரிலீவ் பண்ண வைத்தேன்.

அதற்கு முன்னால் அவரை உட்காரவைத்துப் பேப்பரில் போட்டுக் காட்டினேன். பிஎஃப் சம்பளம் 10,500. அதைச் சர்வீஸ் வருஷம் பத்தால் பெருக்கி எழுபதால் வகுத்தால் 1,500, மாசப் பென்ஷன் அவ்வளவுதான், அதுவும் 17 வருஷம் கழித்து. இப்போதே எடுத்தால், அப்போதைய அட்டவணைப்படி அந்தச் சம்பளத்தைப் போல 9.33 மடங்கு, கிட்டத்தட்ட 98,000. பென்ஷனை விட்டுவைத்தால் உங்களுக்கு ஏதாவது ஆனாலும் பிள்ளைக்கு 25 வயதுவரை கொஞ்சம் வரும் என்றும் சொன்னேன். அவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அந்த ஆயிரத்தைந்நூறு ஏறுமுங்களா சார்?" என்றார். ஏறாதுக்கா, இதில் பஞ்சப்படி கிடையாது என்றேன். "அப்ப எடுத்துக்கறனுங்க."

அந்தக் கேள்வியைத்தான் நான் இன்னும் விடமுடியாமல் வைத்திருக்கிறேன். 2014இல் குறைந்தபட்ச பென்ஷன் ஆயிரம் என்று வைத்தார்கள், அவர் கேட்ட அன்றும் அதே ஆயிரம்தான். 98,000 ரூபாயை ஆறு சதவீத வட்டியில் 17 வருஷம் போட்டு வைத்தால் இரண்டரை லட்சத்தைத் தாண்டும், அதன் வட்டியே மாசம் 1,300 வரும், முதலும் கையில் இருக்கும். ஆகவே அவர் கேட்டது நியாயம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் அந்தப் பணம் பேங்கில் கிடக்கப்போவதில்லை, ஃபீஸுக்குத்தான் போகும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பென்ஷன் என்றால் யாரும் கைவைக்க முடியாத பணம், அதுதானே அதன் பலமே.

கைவைக்க முடியாதபடி வைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2016இல் பிஎஃப்பில் முதலாளி பங்கை 58 வயதுவரை எடுக்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தபோது பெங்களூரு கார்மென்ட் பெண்கள் ரோட்டில் இறங்கினார்கள், அந்த ஏப்ரலிலேயே விதி வாபஸ் ஆனது. அவர்களுக்குச் சேமிப்பின் அருமை தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வேலை போனால் கையில் இருப்பது பிஎஃப் மட்டும் என்கிற இடத்தில் அதை 58 வரை பூட்டிவை என்றால் எப்படி?

எடுத்த பிறகும் இன்னொரு கம்பெனியில் சேர்ந்து புதிதாகப் பத்து வருஷம் சேர்க்கலாம், 41 வயதில் அதற்கு நேரம் இருக்கிறது, இதையும் அன்று சொல்லியிருந்தேன். அந்த நினைப்பு எனக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. அவர் போனது பீஸ் ரேட்டில் தைத்துக் கொடுக்கிற சின்ன பவர் டேபிள் யூனிட்டுக்கு என்று பிறகு கேள்விப்பட்டேன். இருபது பேர்கூட இல்லாத இடம், பிஎஃப் சட்டமே எட்டாது. கையில் கூலி அங்கே அதிகம். பெண் டிகிரி முடித்துவிட்டாளாம்.

அன்று நான் வாயை மூடிக்கொண்டு தேதியைத் தள்ளவிட்டிருந்தால், ஏன் சார் தள்ளிப்போச்சு என்று அவர் என் டேபிளுக்கு முன்னால் வந்து நின்றிருப்பார். உங்க பென்ஷனுக்காகத்தான் என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டார், ஷிப்மென்ட்டுக்காகத்தான் பிடித்துவைத்தோம் என்று நினைத்திருப்பார். மேனேஜரைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.