மடியில் வைத்த பால்குடம்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, செம்பனைக் குலை ஏற்றிய லாரியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வின்றி மலேசியாவின் ஈப்போ நகர மருத்துவமனைக் கட்டிலில் நான் கிடந்த ஏழாம் நாள், அம்மா ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து, "என் பிள்ளை பிழைத்தால் அவனையே உனக்குப் பால்குடம் எடுக்க வைக்கிறேன், தாயே" என்று எங்கள் தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாராம். நான் பிழைத்தேன்; நடக்கவில்லை. ஆனால் அம்மா கேட்டது உயிரைத்தான், காலை அல்ல. ஆகவே கடன் கடன்தான். இந்த ஆடியில் அந்தக் கடன் தீர்ந்தது.

இத்தனை ஆண்டுகள் அது தீராமல் நின்றதற்குக் காரணம் மூன்று படிகள். எங்கள் அம்மன் பால்மரக் காலத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், தகரக் கொட்டகையின் மண்தரையில் இருந்தவள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு தோட்டமே கைமாறி, லய வீடுகள் இடிபட்டு, நாங்கள் எல்லாரும் பட்டணத்து ஓரத்துத் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்தபோது, அவளும் எங்களோடு லாரியில் வந்து, பெரிய சாலையை ஒட்டிய துண்டு நிலத்தில் அமர்ந்தாள். வெள்ளம் ஏறக்கூடாது என்று மண்டபத்தின் தரையை ஒன்றரை அடி உயர்த்தி, வழவழப்பான ஓடு பதித்து, மூன்று படிகள் வைத்தார்கள். அவள் பெரிய வீட்டுக்குள் போனாள். நான் வாசலிலேயே தங்கிவிட்டேன்.

தூக்கிக்கொண்டு போக ஆளில்லை என்று சொன்னால் பாவம். கேட்காமலேயே நான்கு இளைஞர்கள் ஓடிவருவார்கள். ஆனால் சக்கர நாற்காலியோடு தூக்கப்படுகிறவனுக்குச் சாமி தெரியாது. கூரையிலிருக்கும் மின்விசிறியும், தூக்குகிறவர்களின் பிடரி வியர்வையும், எங்கே சாய்த்துவிடுவார்களோ என்ற பயமும்தான் தெரியும். அப்படி ஒருமுறை உள்ளே போனபோது, தீபாராதனை முடியும்வரை என் இரண்டு கைகளும் கைப்பிடிகளைப் பற்றியே இருந்தன. கும்பிடுவதற்கு எழவே இல்லை. அதன்பிறகு சாலையோரத்தில் இருந்தே கும்பிடத் தொடங்கினேன். முன்னால் நிற்பவர்களின் முதுகுகளுக்கு நடுவே கொஞ்சம் விளக்கொளி தெரிந்தால், அன்றைக்கு அதுவே தரிசனம்.

பத்துமலைக்கும் போயிருக்கிறோம். 140 அடி முருகனை அண்ணாந்து பார்த்தபடி நான் அடிவாரத்துப் புறாக்களோடு காத்திருக்க, அம்மா மூட்டுவலியோடு 272 படிகளையும் ஏறி இறங்கி எனக்கு விபூதி கொண்டுவந்தார். படிக்கு அரை அடி என்று வைத்தாலும் 136 அடி உயரம். ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் என்ற கணக்குப்படி 1,632 அடி நீளத்துக்குப் பாதை வேண்டும். அங்கே மின்படிக்கட்டு அமைப்பது பற்றிப் பேச்சு அடிபடுகிறது. மூட்டுவலிக்காரர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் மின்படிக்கட்டில் சக்கர நாற்காலி ஏறாது, எங்களுக்கு மின்தூக்கிதான் வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன். பினாங்குத் தண்ணீர்மலைக்கு 513 படிகள் என்பதால் அந்தப் பேச்சையே அம்மா எடுப்பதில்லை. குன்றுதோறாடும் குமரனிடம் எனக்குக் கோபம் இல்லை. மலை அவன் விரும்பிய இடம். எங்கள் மண்டபத்தின் ஒன்றரை அடியை அம்மன் கேட்கவில்லை, நாம்தான் கட்டினோம்.

கடைத்தெரு நடைபாதைக்காக மனு எழுதி எழுதிப் பழகிய கை, கோயில் செயலவைக்கும் எழுதத் தொடங்கியது. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இல் வந்தது, பொது இடங்களையும் கட்டடங்களையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமை அதில் இருக்கிறது, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையையும் மலேசியா 2010இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த உரிமையை மறுப்பவருக்கு இன்ன தண்டனை என்று சட்டத்தில் ஒரு வரியும் இல்லாததால், படித்தவர்கள் தலையாட்டிவிட்டு மடித்துவைத்துவிடுகிறார்கள். கூட்டத்தில் நான் சட்டத்தை எடுத்ததும் முகங்கள் இறுகின. "தெருவெல்லாம் உருண்ட சக்கரம் மண்டபத்துக்குள் வரலாமா, தம்பி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "அம்மனையே சக்கரத்தில் ஏற்றித்தானே ஐயா, தெருவெல்லாம் இழுத்து வருகிறோம்?" என்றேன். முதலில் சிரித்தவரும் அவர்தான்; சாய்தளத்துக்கு முதல் நூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தவரும் அவர்தான்.

கட்டியது ஒருமுறை அல்ல, இருமுறை. முதலில் ஆறடி நீளத்தில் கட்டினார்கள். மோட்டார் சைக்கிள் ஏறும், நாற்காலி ஏறினால் பின்பக்கமாகக் கவிழும். செய்ததை இடிக்கச் சொல்வது எனக்கே சங்கடமாக இருந்தாலும், இடிக்கச் சொன்னேன். ஒன்றரை அடி உயரத்துக்குப் பதினெட்டு அடி நீளம் என்று கொத்தனாரோடு கயிறு பிடித்து அளந்து, வழுக்காத சொரசொரப்பான தரையோடு இரண்டாவது முறை கட்டினார்கள். அதன்மேல் முதலில் ஏறியது நான் அல்ல. கைத்தடியோடு வந்த பாட்டிகளும், குழந்தை வண்டி தள்ளிவந்த மருமகள்களும்தான்.

திருவிழா ஞாயிறன்று காலை ஏழு மணிக்கு ஆற்றங்கரையில் குடம் நிறைத்தார்கள். என் கைகள் சக்கரத்துக்கு வேண்டும் என்பதால் குடத்தைத் தலையில் வைக்க வழியில்லை. மச்சான் ஒரு பலகையை அறுத்து, குடத்தின் அடிக்குப் பொருந்தும்படி வட்டமாகக் குடைந்து, நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே கட்டிக் கொடுத்திருந்தார். "பால்குடம் தலையில்தான் இருக்க வேண்டும்" என்று கூட்டத்தில் ஒருவர் தொடங்கினார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா திரும்பி, "இவன நான் தலையிலயா சொமந்தேன்? மடிக்கிட்டதான்யா சொமந்தேன்" என்றார். உறுமி முழங்கத் தொடங்கியது. அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

ஆற்றிலிருந்து கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டர். மற்றவர்கள் கடைத்தெருவின் அஞ்சடியில், கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் நடைவழியில், நிழலோடு நடக்க, நான் வெயிலில், சாலையில், லாரிகளுக்குப் பக்கத்தில் உருண்டேன். ஏனென்றால் எங்கள் ஊர் அஞ்சடியில் ஒவ்வொரு கடைக்காரரும் தம் வாசலை ஒவ்வோர் உயரத்தில் வைத்திருக்கிறார்கள், மளிகைக் கடைக்கும் துணிக்கடைக்கும் நடுவே ஒரு படி, துணிக்கடைக்கும் காப்பிக் கடைக்கும் நடுவே இரண்டு படி. நடைபாதை என்று இருக்கும் இடத்தில் மோட்டார் சைக்கிளைத் தடுக்க நட்ட இரும்புக் கம்பங்கள், மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு என்னைத்தான் தடுக்கின்றன. காப்பிக் கடை முன்னால், கால்வாய் மூடியின் கம்பி இடைவெளியில் முன்சக்கரம் இறங்கிச் சிக்கியது. நாற்காலி குலுங்கி, பால் தளும்பி, மஞ்சள் துணியை நனைத்து, சக்கரத்தில் வழிந்தது. உறுமிக்காரர்கள் சிறிது தூரம் போய்த்தான் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். ஒவ்வோர் ஆண்டும் ஊர்வலத்துக்குக் குடிதண்ணீர் வைக்கும் சீனத் தவுக்கே (கடை முதலாளி), கடைக்குள்ளிருந்து ஒரு பலகையைக் கொண்டுவந்து கம்பியின்மேல் போட்டு, தாமே குனிந்து சக்கரத்தை விடுவித்தார். அவருக்கு அம்மன் எல்லா நலமும் தர வேண்டும்.

கோயில் வாசலில் வேறு வகைச் சோதனை. அர்ச்சனைத் தட்டு, எலுமிச்சை மாலை, நெய்விளக்கு என்று இரண்டு மடங்கு விலை சொல்லி வழிமறிப்பவர்களை எல்லாரும் அறிவோம். ஒருவன் கேட்காமலேயே என் நாற்காலியின் பின்கைப்பிடியைப் பற்றி நான்கு அடி தள்ளிவிட்டு, தேநீர்க் காசு கேட்டான். என்னைத் தொடாமல் என் நாற்காலியைத் தொடுவதாக நினைக்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அதைவிட, பட்டுச் சேலை கட்டிய ஓர் அம்மையார் கண்கலங்கி, பால்குடத்தின் பக்கத்தில் ஐந்து வெள்ளியை வைத்துவிட்டுக் கூட்டத்தில் மறைந்துவிட்டார். நானும் அவரைப் போலவே வேண்டுதலுக்கு வந்தவன் என்று சொல்ல ஆளைக் காணவில்லை. அந்த ஐந்து வெள்ளி உண்டியலுக்குப் போனது.

சாய்தளத்தில் ஏறினேன். யாரையும் தள்ளவிடவில்லை. பதினெட்டு அடி; நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினேன். மண்டபத்துக்குள் கூட்டம் அடைத்து நின்றது, யார் விலக்கியது என்று தெரியவில்லை, விலகியது. பிறகு நடந்ததை எந்த வரிசையில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் அம்மன் உயரமானவள் அல்ல. தோட்டத்து முன்னோர் நட்ட, சிறிய கருங்கல். கருவறை வாசலும் பழைய கொட்டகையின் அளவிலேயே தாழ்வாகத்தான் இருக்கிறது. எனக்கு முன்னால் நின்ற ஒவ்வொருவரும் அவளைப் பார்ப்பதற்காக இடுப்பை வளைத்து, தலையைச் சாய்த்துக் குனிந்தார்கள். என் முறை வந்தபோது நான் குனியவில்லை. குனிய வேண்டியிருக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், நேரே எதிரே, என் கண்ணின் மட்டத்தில், வேப்பிலைக்கும் எலுமிச்சை மாலைக்கும் மேலே அவளுடைய வெள்ளிக் கண்கள் இருந்தன. பன்னிரண்டு ஆண்டுகளாக நான் வெளியே காத்திருந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவளும் இந்த உயரத்தில்தான் உட்கார்ந்து காத்திருந்தாளா, தாயே, எனக்கு அது ஏன் தெரியாமல் போயிற்று? பூசாரி கற்பூரத்தைக் காட்டினார். என் இரண்டு கைகளும் சக்கரத்தை விட்டு, கைப்பிடியை விட்டு, தலைக்கு மேலே போயிருந்தன. பின்னால் யாரோ நேரமாகிறது என்று முணுமுணுத்தது கேட்டது; பூசாரி கேட்காதவர்போல இன்னொரு முறை தீபத்தைச் சுற்றினார். நான் எதையும் வேண்டவில்லை. கேட்கலாம் என்று எழுதிவைத்திருந்த பட்டியல், பேருந்து, நடைபாதை, தங்கையின் கல்யாணம், எதுவும் நினைவுக்கு வரவில்லை. பால் அவள்மேல் வழிவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா முந்தானையிலிருந்து அந்தக் காசை அவிழ்த்தபோது, மஞ்சள் துணி நைந்து, பிரிக்கும் முன்னே கிழிந்தது.

இரவு வீட்டுக்கு வந்தபோது நாற்காலியின் வலது சக்கரத்தில் எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன; காப்பிக் கடை முன்னால் தளும்பிய பால் அங்கே காய்ந்திருந்தது. ஈரத்துணியை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்தார். "விடு. அது அவளுக்கு ஊத்தின பாலு. எறும்பு குடிச்சிட்டுப் போகட்டும்" என்றார்.