முதுகைப் பார்க்கவில்லை

அவர் சட்டையைத் தூக்கிக்கொண்டு முதுகைக் காட்டத்தான் திரும்பினார். நான்தான் "போதும் அண்ணே" என்றேன். 2021 மே மாதம் சொன்ன அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள், கோவிட் உறுதி, ஆக்சிஜன் அளவு 95. சிடி ஸ்கேன் எடுக்க நீண்ட வரிசை என்பதால், அல்ட்ராசவுண்ட் கருவியையே நெஞ்சில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள். முன்பக்கமும் இரு விலாப்பக்கமும் பார்த்தேன். திரையில் குறுக்காக ஏ-கோடுகள் மட்டுமே; காற்று நிறைந்த நல்ல நுரையீரலில் தெரிவது அதுதான். நுரையீரல் உறையிலிருந்து திரையின் அடிவரை நெட்டுக்கு இறங்கும் பி-கோடுகள் ஓர் இடத்தில் மூன்றோ அதற்கு மேலோ தெரிந்தால் உஷாராக வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை. வீட்டுக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் 84 என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கோவிட் நிமோனியா முதுகுப்புறத்தில், அதுவும் அடிப்பகுதியில்தான் அதிகம் பிடிக்கும். இது தெரியாமல் செய்ததல்ல. பக்கத்துக்கு ஆறாக 12 இடம் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும் என்று பயிற்சி மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். மிச்சம் இருந்தது நான்கு இடம். இரண்டு நிமிட வேலை.

பார்த்திருந்தாலும் என்ன செய்திருப்பேன்? மூச்சுத்திணறல் இல்லாமல் 95 இருந்தவருக்குக் கொடுக்க அன்று படுக்கை இல்லை. நோய் அதற்கு அடுத்த நாள்தான் நுரையீரலில் தீவிரமாகியிருக்கலாம். உறைவரை வராத பாதிப்பை அல்ட்ராசவுண்ட் காட்டவும் காட்டாது. எல்லாம் சரிதான். ஆனால் ஒரு பி-கோடு கூட்டத்தைப் பார்த்திருந்தால், "நாளைக்கே திரும்ப வாங்க, குப்புறப் படுங்க" என்று அழுத்திச் சொல்லியிருப்பேன். நான் சொன்னதோ, "நெஞ்சு சுத்தமா இருக்கு, பயப்படாதீங்க." அந்த தைரியத்தில்தான் மூன்று நாள் வீட்டில் இருந்தார்.

அதன்பின் ஒருவர் முதுகையும் விட்டதில்லை. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். குளச்சலிலிருந்து வந்த ஒரு பாட்டிக்கு இரண்டு பக்கமும் பி-கோடுகள். நிமோனியா முற்றுகிறது என்று படுக்கை பிடித்து வைத்தேன். உண்மையில் இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருந்தது. அப்போதும் அதே கோடுகள்தான் தெரியும். அந்த இரண்டு நாள் அந்தப் படுக்கைக்கு வெளியே யார் காத்திருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

ரப்பர்க்காரர் பிழைத்துவிட்டார். மூன்று மாதம் கழித்து வந்தபோது, ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். நான் சொல்வதற்கு முன்பே சட்டையைத் தூக்கித் திரும்பி உட்கார்ந்தார். இடது அடிப்பக்கம் உறை இன்னும் கரடுமுரடாக இருந்தது.

"அன்னைக்கும் இது இருந்திருக்குமா டாக்டரே?"

"அன்னைக்குப் பின்னால பாக்கலியே அண்ணே."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே, "கூட்டமா இருந்துதுல்லா" என்றார்.

அவருக்குப் பின்னால் அன்று இரண்டு பேர்தான் நின்றார்கள். நான் "ஆமா" என்றேன்.