ரைகருக்கு இரண்டு நிறம்

நான்கு வருடத்துக்கு முன் கனடா போன அக்கா, உரும்பிராய் வீட்டில் விட்டுப் போன நாயை "ஒருக்கா வரைஞ்சு அனுப்படா தம்பி" என்று கேட்டாள். பெயர் ரைகர். பெயரில்தான் புலி, வரியெல்லாம் இல்லை. நான் அம்மம்மாவோடு தங்க வந்த நாள் தொட்டு மேலே வெள்ளை, கீழே காவி.

நீர்வண்ணத்தில் கத்தரிக்காயும் கோயில் தேரும் வரைந்த துணிவு எனக்கு. 300 கிராம் என்கிற தடித்த கடதாசியை நனைத்துப் பலகையில் ஒட்டிக் காயவைத்து, ரைகரை மாமர நிழலில் இருத்தினேன். இருத்தினேன் என்பது பெருமைக்கு. கருவாடு தீரும்வரை இருந்தான்.

அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் கலந்த கறுப்பில் கண், மினுக்கத்துக்கு ஒரு பொட்டு வெறும் கடதாசி. 'அடுத்த துண்டு எங்கே' என்ற பார்வை அப்படியே விழுந்தது. அப்புறம் காலுக்கும் வயிற்றுக்கும் பர்ன்ட் சியன்னா. சித்திரை வெயிலில் சாயம் வைத்த கையோடு காய்ந்து ஓரம் கோடு கட்டிவிடும் என்று யோசிக்காமல் அடித்தேன். யோசித்திருக்கலாம்.

படத்தைப் போனில் பிடித்து அனுப்பிய கையோடு அக்கா கோல் எடுத்தாள். "யாற்றை நாயடா இது? எங்கட ரைகர் முழு வெள்ளையெல்லோ!"

"வெள்ளைதான். வெங்காயத் தோட்டத்தில புரண்டு புரண்டு இப்பிடி" என்றார் அம்மம்மா, இப்போதுதான். கிணற்றடியில் ஆறு வாளி ஊற்றினோம். செம்மண் ஓடி, எனக்கு முன்பின் தெரியாத ஒரு நாய் நின்றது.

செம்மண்ணின் சிவப்பும் பர்ன்ட் சியன்னாவின் சிவப்பும் ஒரே இரும்பு ஒட்சைட்டுத்தான். நிறத்தில் நான் பிழை விடவில்லை. ஆனால் நாயைக் கழுவலாம், படத்தை? நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தொடாமல் விட்ட கடதாசி. ஈரத் தூரிகையால் தேய்த்து ஒற்றினேன், செங்கல் தூள் நிறத்துக்கு வந்து நின்றுவிட்டது. வெள்ளைச் சாயம் பூசினேன். நல்லூர்த் திருவிழாவுக்குத் திருநீறு பூசி வெளிக்கிட்டவன் மாதிரி ஆனான்.

சரி, புதுக் கடதாசி. உடம்பைத் தொடவேயில்லை, நீலச் சாம்பலில் நிழல் மட்டும். வரைந்து முடிக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. ரைகர் வெள்ளையாக இருந்தது முக்கால் மணி நேரம்.

அந்தப் படம் கனடா போய்விட்டது. திருநீற்று ரைகரை அம்மம்மா விறாந்தையில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் எல்லாம், கீழே ரைகர் படுத்திருக்கவே, நிமிர்ந்து பார்த்து "ஆடு நல்ல வடிவு" என்கிறார்கள்.