கத்திக்கு முன் கல்லீரல்: அந்த இரண்டு வார உணவுக் கட்டுப்பாடு

உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்ததும் கையில் ஒரு தாள் வரும். இரண்டு வாரம், நாளுக்கு 800 முதல் 1000 கலோரி, மாவுச்சத்து 100 கிராமுக்குள், புரதம் 60 முதல் 80 கிராம். உடல் நிறை எண் (BMI, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 50-ஐத் தாண்டியவர்களுக்கு நான்கு வாரம்கூடச் சொல்வதுண்டு. தாளைப் பார்த்ததும் பெரும்பாலானோர் இதை எடை குறைக்கும் பத்தியம் என்று நினைத்துவிடுகிறார்கள். எடை குறையத்தான் செய்யும். ஆனால் தாள் கேட்பது வேறு: கல்லீரல் சுருங்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் காரணம் தானாகத் தெரியும். புரியாவிட்டால் பத்தாம் நாள் எடை இயந்திரத்தின் மேல் நின்று மனம் விட்டுப்போகும்.

கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேல்பகுதியை மூடிக்கொண்டு கிடக்கிறது. லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை சிகிச்சையில், அந்த மடலை ஒரு கருவியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதற்கு அடியில்தான் வேலை நடக்கும். கொழுப்பேறிய கல்லீரல் பெரிதாக, கனமாக இருக்கும். தூக்கினால் எளிதில் கிழிந்து ரத்தம் கசியும். இடம் கிடைக்காவிட்டால் வயிற்றைத் திறந்து செய்ய நேரும், அல்லது எதுவும் செய்யாமல் மூடிவிட்டு இன்னொரு நாளுக்குத் தள்ளிவைப்பார்கள். பருமன் உள்ளவர்களுக்குப் பித்தப்பை அகற்றும் முன்பும் சில மருத்துவர்கள் இதே கட்டுப்பாட்டைக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

சுருக்கம் இரண்டு கட்டமாக நடக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம் கிளைக்கோஜன், அதாவது உடல் சேர்த்துவைக்கும் மாவுச்சத்து, சேமிப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்து வரத்து நின்றதும் ஓரிரு நாளில் இந்தச் சேமிப்பு கரையும், தண்ணீரும் கூடவே போகும். தசையில் இருக்கும் கிளைக்கோஜனும் இதே வழியில் குறைவதால் முதல் நான்கு நாளில் எடை சரசரவென்று இறங்கும். அது பெரும்பாலும் தண்ணீர். அதன்பின் கல்லீரல் தன் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். இங்கே எடை மெதுவாகத்தான் நகரும், உள்ளே நடக்கும் வேலைதான் பெரிது. 2006-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு 12 வாரக் கட்டுப்பாட்டை ஸ்கேன் எடுத்துப் பார்த்தது: கல்லீரல் சுருங்கியதில் 80 சதவீதம் முதல் இரண்டு வாரத்திலேயே நடந்துவிட்டிருந்தது. தாளில் இரண்டு வாரம் என்று போட்டிருப்பது ஏதோ குத்துமதிப்பு இல்லை.

தொடங்கும் முன்பு மூன்று நான்கு நாள் ஆயத்தம் தேவை. இதைத் தாள் பெரும்பாலும் சொல்வதில்லை. கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று, மி.லி. கோடு போட்ட குவளை ஒன்று வாங்கிவைக்க வேண்டும். காபி, டீ நாளுக்கு நாலைந்து குடிப்பவர் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஒரேயடியாக நிறுத்தினால் முதல் மூன்று நாள் தலைவலி காபிக்காகவா, கட்டுப்பாட்டுக்காகவா என்று தெரியாமல் அல்லாட வேண்டியிருக்கும். இன்னொன்று, 'இனி கிடைக்காதே' என்று முந்தின வாரம் முழுக்க விருந்து சாப்பிடுவது. பெரும்பாலும் எல்லோருக்கும் வரும் ஆசை. நிறைந்து வழியும் கல்லீரலோடு தொடங்கினால் இரண்டு வாரத்தில் பாதி, அந்த விருந்தைச் செலவழிப்பதிலேயே போகும்.

ஆயத்தத்தில் தள்ளிப்போடவே கூடாதது மருந்துப் பட்டியல். உணவு பாதியாகும்போது மருந்து பழைய அளவிலேயே இருந்தால் ஆபத்து. இன்சுலினும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற நீரிழிவு மாத்திரைகளும் சர்க்கரையைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளோடு மாவுச்சத்தையும் குறைத்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறும். வாந்தி, மூச்சிரைப்பு என்று தெரியவரும்போது நேரம் கடந்திருக்கும். இவற்றை அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 3 நாள் முன்பு நிறுத்த வேண்டும், பல மருத்துவர்கள் கட்டுப்பாடு தொடங்கும் அன்றே நிறுத்தச் சொல்வார்கள். ரத்த அழுத்த மாத்திரை, அதிலும் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை, எழுந்து நின்றால் கண்ணை இருட்டச் செய்யும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் திடீரென்று கீரையைக் கூட்டினால் ரத்தம் உறையும் கணக்கு மாறும். மனநிலை மருந்தான லித்தியம் எடுப்பவருக்கு உப்பும் நீரும் மாறினாலே ரத்தத்தில் மருந்தின் அளவு மாறும். கவுட் என்னும் கீல்வாதம் உள்ளவருக்கு யூரிக் அமிலம் ஏறி விரல் மூட்டு வீங்கலாம். இவை எல்லாவற்றையும் மருத்துவரே மாற்றிக் கொடுக்க வேண்டும், நாமாகக் குறைக்கக் கூடாது. கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் பொதுத் தாளைப் பின்பற்றவே கூடாது, அவர்களுக்குத் தனித் திட்டம் உண்டு.

சாப்பாட்டு முறை மூன்று விதமாக இருக்கும்: பால் மட்டும், கடையில் கிடைக்கும் மாற்று உணவுப் பொடி, அல்லது அளந்து சமைத்த உணவு. பால் முறையில் ஒரு நாளுக்குச் சுமார் 1.7 லிட்டர் கொழுப்பு குறைத்த பால். கணக்குப் போட்டால் 850 கலோரிக்குப் பக்கம், புரதம் 60 கிராம், மாவுச்சத்து 80 கிராம். காலையிலேயே முழு அளவையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றி வைத்துவிட வேண்டும். பாத்திரம் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. கொழுப்பு முழுவதும் நீக்கிய பாலை அதே 1.7 லிட்டர் குடித்தால் 600 கலோரிதான் வரும். மயக்கம் வந்தபின் ஏன் என்று கேட்பவர்களில் சிலருடைய கதை இதுதான். பால் ஒத்துக்கொள்ளாதவர் லாக்டோஸ் நீக்கிய பால் எடுக்கலாம்.

சமைத்த உணவு முறை மனதுக்கு எளிது, கைக்குக் கடினம். ஒரு நாள் இப்படி இருக்கலாம்: காலையில் வேகவைத்த முட்டை 2. மதியம் தோல் நீக்கிச் சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராம், கிழங்கு அல்லாத காய்கறி 200 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன். மாலை கொழுப்பு நீக்கிய பால் 200 மி.லி., ஒரு சிறிய ஆப்பிள். இரவு தண்ணீர் வடித்த கொழுப்பில்லாத கெட்டித் தயிர் 200 கிராம், காய்கறி சூப், இன்னொரு டீஸ்பூன் எண்ணெய். மொத்தம் 800 கலோரிக்குச் சற்றுக் கீழே, புரதம் 75 கிராம், மாவுச்சத்து 60 கிராம். கறி சாப்பிடாதவர் அந்த இடத்தில் சோயாவில் செய்த கெட்டி டோஃபு 200 கிராம் வைத்தால் கலோரி நூறு கூடும், புரதம் பெரிதாகக் குறையாது.

கணக்கு தவறும் இடம் எண்ணெய்தான். ஒரு டீஸ்பூன் 45 கலோரி, ஒரு மேசைக்கரண்டி 120. புட்டியைச் சாய்த்து 'கொஞ்சம்' ஊற்றினால் இரண்டு மேசைக்கரண்டி சாதாரணமாக விழும். அன்றைய உணவில் கால்பங்குக்கு மேல் அங்கேயே போய்விட்டது. அடுத்தது 'சர்க்கரை சேர்க்காதது' என்ற லேபிள். அதில் பார்க்க வேண்டியது மொத்த மாவுச்சத்து எத்தனை கிராம் என்பதை. சர்க்கரைக்குப் பதில் சார்பிட்டால் சேர்த்த மிட்டாயை அள்ளிப் போட்டுக்கொண்டால் கணக்குக்குப் பதில் வயிறு கெடும். பழச்சாறு, சோடா, மது மூன்றுக்கும் இடமில்லை.

மூன்றாம் நாள் மதியம் பெரும்பாலோருக்கு மிக மோசமான நேரம். தலைபாரம், எரிச்சல், கை கால் குளிர்ச்சி, வாயில் ஒருவித இனிப்பு நாற்றம். பல் தேய்த்தும் நாற்றம் போகாது, அது கொழுப்பு எரியும்போது உண்டாகி மூச்சில் வரும் கீட்டோன். இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளும். தலைபாரத்துக்கும் கெண்டைக்கால் பிடிப்புக்கும் பாதிக் காரணம் அதுவே. நாளுக்கு ஒரு கோப்பை உப்பிட்ட தெளிந்த சூப் குடித்தால் பலருக்கு அரை மணியில் தெம்பு வருகிறது (இதய, சிறுநீரகச் சிக்கலால் உப்புக் கட்டுப்பாடு உள்ளவர்கள் கேட்டுவிட்டு). தண்ணீர் 2 முதல் 2.5 லிட்டர், மருத்துவர் சொன்ன மல்டிவைட்டமின் மாத்திரை தினம் ஒன்று. ஐந்தாம் நாளிலிருந்து பசி தணிவது உண்மைதான். அதை நம்பி நான்காம் நாளைக் கடக்கலாம்.

ஆனால் நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் அது பசியா சர்க்கரைத் தாழ்வா என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. நீரிழிவு மருந்து எடுப்பவர் உடனே விரலைக் குத்திச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. அந்த 15 கிராமால் கட்டுப்பாடு கெட்டுவிடாது. கெட்டாலும் பரவாயில்லை.

மலச்சிக்கல் பலருக்கு வரும், பால் முறையில் இன்னும் சீக்கிரம், ஏனென்றால் பாலில் நார்ச்சத்தே கிடையாது. நார்ப்பொடியை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு எடுக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே கட்டியாகி நிலைமையை மோசமாக்கும்.

ஒன்பதாம் பத்தாம் நாளில் எடை அசையாது. அப்போதுதான் 'ஒரு வேளை மட்டும்' என்று கை போகும். தானியமும் இனிப்பும் கலந்த ஒரு பெரிய சாப்பாடு போதும், காலியான கிளைக்கோஜன் தண்ணீரோடு திரும்பி வந்து உட்கார்ந்துவிடும். நான்காம் நாள் தவறினால் மீள நேரமிருக்கிறது, பன்னிரண்டாம் நாள் தவறினால் இல்லை. தவறிவிட்டால் அடுத்த வேளையிலிருந்து தாளுக்குத் திரும்ப வேண்டும். ஈடுகட்டப் பட்டினி கிடந்தால் தசைதான் கரையும்.

கடைசி நாள் விதிகள் வேறு. சில இடங்களில் 24 மணி நேரம் தெளிந்த திரவம் மட்டும். மயக்க மருந்துக்கு முன்பு திட உணவு 6 மணி நேரம், தெளிந்த திரவம் 2 மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. இரண்டு வாரம் பாலிலேயே வாழ்ந்தவர் விழும் குழி இங்கேதான்: பால் திரவமாக இருந்தாலும் தெளிந்த திரவத்தில் சேராது, திட உணவைப் போல அதற்கும் 6 மணி நேரம். ஒரு கரண்டி பால் விட்ட காபியையும் பல இடங்களில் அப்படியே கணக்கில் எடுப்பார்கள். அதனால் ஆபரேஷன் தள்ளிப்போவது உண்டு. சர்க்கரைக்கோ எடைக்கோ செமாக்ளூட்டைடு போன்ற ஊசி போடுபவருக்கு இரைப்பை காலியாக அதிக நேரம் ஆகும், அதை முன்கூட்டியே மயக்கவியல் மருத்துவரிடம் சொல்லிவிட்டால் பட்டினி நேரத்தை அவர் மாற்றித் தருவார். இடையில் தவறிச் சாப்பிட்டிருந்தால் என்ன, எத்தனை மணிக்கு என்று அவரிடம் அப்படியே சொல்ல வேண்டும். அவர் கேட்பது திட்டுவதற்காக அல்ல, மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகாமல் பார்த்துக்கொள்வதற்காக.