சாவி அப்பாவின் பையில்

அக்டோபர் 8

வீட்டில் வெள்ளம் புகுந்ததால் அப்பாவும் அம்மாவும் இங்கே வந்திருக்கிறார்கள். அப்பா இரவெல்லாம் தூங்கவில்லை. விளக்கைப் போட்டால் அணைக்கச் சொல்கிறார். அணைத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். தம்பியின் சட்டையைப் போட்டுக்கொள்ளக் கொடுத்தேன். ஈரச் சட்டையிலிருந்து எதையும் எடுக்கவில்லை, வீட்டுச் சாவியை மட்டும் எடுத்துப் புதுப் பையில் போட்டுக்கொண்டார்.

அக்டோபர் 9

காலை முழுவதும் மாத்திரை வேட்டை. அம்மாவுக்குப் பெயர் எதுவும் நினைவில்லை. "வெள்ளையா, சின்னதா இருக்குமே" என்கிறாள். நல்லவேளை, போன முறை மருத்துவர் எழுதிய சீட்டை என் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். கையோடு கொண்டுவந்த அட்டையில் பாதி மாத்திரை மிச்சம் இருக்கிறது, வீணாக்காதே என்றாள். வெள்ளத் தண்ணீர் பட்டதைத் தொடவே வேண்டாம் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் விட்டாள்.

மருத்துவர் முன்னால்தான் அப்பா செருப்பைக் கழற்றினார். கட்டைவிரல் ஓரத்தில் ஆழமான கிழிசல். மூன்று நாளாகச் சொல்லவே இல்லை. அந்தக் காலோடு அரை நாள் முழங்கால் தண்ணீரில் நின்றிருக்கிறார். டெட்டனஸ் ஊசி போட்டார்கள். எலிக்காய்ச்சல் வராமலிருக்க மாத்திரையும் கொடுத்தார்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் புண் வழியாக உள்ளே போனால் போதுமாம். வருவதானால் பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் தெரியும், சில பேருக்கு 30 நாள் வரைகூட ஆகும். காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி, இந்த மூன்றையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அந்தத் தண்ணீரில் நின்று இன்று மூன்றாம் நாள்.

அக்டோபர் 10

98.4.

அக்டோபர் 11

தம்பியும் நானும் மட்டும் அப்பா வீட்டுக்குப் போனோம். சுவரில் கோடு. அளவுகோல் வைத்து இழுத்தது போல எல்லா அறையிலும் ஒரே உயரத்தில். எனக்கு மார்பளவு. அம்மாவுக்குக் கழுத்துக்கு வரும். அதற்கு மேல் யோசிக்காமல் மண்வெட்டியை எடுத்தேன். சேறு காய்ந்து இறுகுவதற்குள் அள்ளிவிட வேண்டும்.

அலமாரியின் பின்பக்கம் முழுக்கப் பூஞ்சை. ஈரம் இருந்தால் ஒன்றிரண்டு நாளிலேயே பிடித்துவிடும், இது ஐந்தாம் நாள். மெத்தை, தலையணை, சோபா எல்லாம் வெளியே. காப்பீட்டுக்காக ஒவ்வொன்றையும் படம் எடுத்துவிட்டுத் தூக்கிப்போட்டோம். அப்புறம் டிராயர்கள். வேகமாகச் செய்தேன். தூக்கிப்போடத் தூக்கிப்போட மனசு லேசானது, உண்மை.

புகைப்பட ஆல்பம் ஒரே கட்டியாகக் கிடந்தது. பிரிக்கவில்லை. பையில் போட்டு எடுத்து வந்தேன்.

அக்டோபர் 12

ஆல்பம் ஃப்ரீசரில் இருக்கிறது. உறைந்திருக்கும்வரை பூஞ்சை வளராது, நிதானமாகப் பிரித்துக்கொள்ளலாம். அம்மா இரண்டு முறை திறந்து பார்த்தாள்.

அக்டோபர் 13

"அந்தப் பச்சை டப்பா எடுத்து வெச்சியா?"

பொத்தான் டப்பா. துரு ஏறி, உள்ளே சேறு நிறைந்து, மூடியே திறக்கவில்லை. நான்தான் எறிந்தேன். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது போட்ட சட்டைகளின் பொத்தான்கூட அதில் இருந்தது.

சொன்னேன். "சரி விடு" என்றாள். திட்டியிருக்கலாம். ஒரு போன் செய்து கேட்டிருக்கலாமே நான். ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

அக்டோபர் 14

எட்டாம் நாள். அப்பா கெண்டைக்காலை அமுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மாடிப்படி ஏறினதாலதான் என்கிறார். 99.1. அரை மணி கழித்து 98.8. திரும்பவும் 99. டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தேன். "போதும்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்டோபர் 15

98.6. கால் வலி இல்லை என்கிறார். நம்புகிறேன்.

இருட்டத் தொடங்கியதும் "எப்ப வீட்டுக்குப் போறோம்?" என்று கேட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது. இரவு கழிவறை என்று நினைத்து வாசல் கதவைத் திறக்கப் போனார். உடனே மருத்துவருக்குப் போன் செய்தேன். தூக்கம் கெட்டு, இடமும் மாறினால் வயதானவர்களுக்கு இரவில் இப்படிக் குழப்பம் வரலாம், ஆனால் அதிகமானாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே கூட்டி வரவேண்டும் என்றார். கட்டிலுக்கு நேராகக் கடிகாரம் மாட்டினேன். கழிவறை வரைக்கும் சிறு விளக்கு எரிகிறது.

அக்டோபர் 17

அந்த இடத்தை விற்றுவிடலாம் என்கிறான் தம்பி. கூடாது என்கிறேன் நான். ஒரு மணி நேரம் கத்திக்கொண்டோம். அம்மா கதவருகே நின்றிருந்ததை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

"நாங்க ரெண்டு பேரும் இன்னும் இருக்கோம்" என்றாள்.

அக்டோபர் 19

இரண்டு பேரையும் அழைத்துப் போனேன். தாங்க மாட்டார்கள், தாங்க மாட்டார்கள் என்று இத்தனை நாள் நானே தள்ளிப்போட்டது. முகக்கவசம், கையுறை, அப்பாவுக்குக் காலில் ரப்பர் பூட்ஸ்.

அப்பா நேராக முன் கதவுக்குப் போனார். நாங்கள் பின்வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தோம். சாவி திரும்பியது. கதவு ஊதியிருந்ததால் திறக்கவில்லை. சாவியைப் பிடித்தபடியே வெகுநேரம் நின்றார். தம்பி தோளால் இடிக்கப் போனான். நான் அவன் கையைப் பிடித்தேன். அப்பாவே, "ரெண்டு பேரும் சேர்ந்து தள்ளுவோம் வாடா" என்றார்.

அம்மாவுக்கு வெளியே நாற்காலி போட்டோம். ஒவ்வொன்றாக அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தோம். நான் காப்பாற்றி வைத்திருந்த பட்டுத்துணியைப் பார்க்காமலே தள்ளினாள். கால் உடைந்த முக்காலி வேண்டுமாம். மர சாமான்களை வெயிலில் வைக்காதே, வெடிக்கும், நிழலில் வை என்றாள். சுவரைச் சோப்புத் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் பிளீச்சிங் பவுடர் கரைசல் அடித்தோம், சேற்றின் மேலே அடித்தால் வீண். தம்பி அதே வாளியில் கழிவறை ஆசிட்டையும் ஊற்றப் போனான். அலறினேன். இரண்டும் சேர்ந்தால் விஷவாயு.

இரவு அப்பா எழுந்திருக்கவே இல்லை. மூச்சு வருகிறதா என்று நான்தான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

அக்டோபர் 20

பதினான்காம் நாள். 98.2. கண் தெளிவு. இன்னும் 16 நாள்.

அக்டோபர் 22

ஆல்பத்தை வெளியே எடுத்தோம். தட்டில் குளிர்ந்த தண்ணீர், அதில் ஊறப்போட்டு, தானாக விடுவதை மட்டும் எடுக்க வேண்டும். அம்மாதான் செய்தாள். ஓரத்தை மட்டும் பிடித்து, படத்தின் முகப்பில் விரல் படாமல். பல படங்களில் நிறம் கரைந்து வெள்ளையாகிவிட்டது. ஒன்றில் அப்பாவின் கையும் அதைப் பிடித்திருக்கும் ஒரு குழந்தைக் கையும் மட்டும் மிச்சம்.

"நானா?"

"தம்பி. உன் கை இப்படிக் கொழுகொழுன்னு இருக்காது."

இதுவரை ஒன்பது படங்கள் காய்கின்றன.

அக்டோபர் 24

குப்பைக்கு ஒதுக்கிய சட்டைகளிலிருந்து அம்மா பொத்தான்களை வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறாள். காலி டப்பா இருக்கிறதா என்று கேட்டாள்.

அக்டோபர் 26

நாளை வயரிங் பார்க்க ஆள் வருகிறார். அவர் சரி என்று சொல்லும்வரை மெயினைப் போடக் கூடாது. அப்பாவும் வருகிறாராம், ஆறு மணிக்கே கிளம்ப வேண்டுமாம். சாவியைக் காட்டுகிறார்.

இருபதாம் நாள். 98.6.